வீட்டுப் பூனைக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு ஜன்னல் கூண்டு

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனையைக் கொல்லையில் சும்மா இறக்கிவிடக் கூடாது. தெருநாய், பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்து, சுற்றித் திரியும் கடுவன் பூனை, மதிலைத் தாண்டினால் சாலை. அதற்காக வெளிநாட்டு வீடியோக்களில் வரும் மரச்சட்டக் கூண்டுகளைப் பார்த்துச் செலவுக்கு மலைக்கவும் வேண்டாம். நம் ஊர்த் தனிவீடுகளில் பாதி வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருப்பது கம்பி போட்ட ஜன்னல். கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குலம் இருந்தால் பூனை தாராளமாகப் போய்வரும், ஆள் நுழைய முடியாது. அந்த ஜன்னலை உள்ளடக்கிச் சுவரோரமாகக் கூண்டு கட்டிவிட்டால், பூனை போக வரத் தனிக் கதவு தேவையில்லை. ஜன்னலைத் திறந்தால் வெளியே, மூடினால் உள்ளே. கொசுவலைச் சட்டத்தை அந்த ஒரு ஜன்னலில் மட்டும் கழற்றுங்கள்.

மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் ஜன்னலாகப் பாருங்கள். கிழக்குப் பக்கம் நல்லது. ஏசியின் அனல் அடிக்கும் இடமும், சமையலறைச் சாக்கடை ஓரமும் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

சுவரோரம் 6 அடி நீளம், 4 அடி அகலம், 6 அடி உயரம் என்ற கணக்கில் ஒரு கூண்டு. ஒன்றிரண்டு பூனைக்கு இது போதும்.

சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு. ஒரு அங்குல பிவிசி பைப்பில் செய்தால் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் நாய் ஒரு தடவை மோதினால் ஆடிவிடும், வெயிலில் ஓரிரு வருடத்தில் நொறுங்கவும் தொடங்கும். இரண்டு அங்குலப் பருமனில் 15 அடிச் சவுக்கு ஏழு வாங்குங்கள். மூன்றைப் பாதியாக வெட்டினால் ஏழரை அடியில் ஆறு துண்டு: ஐந்து நிலைக்கம்பு, மீதி ஒன்று குறுக்குக்கு. அடுத்த மூன்றை ஒவ்வொன்றும் 6, 4, 4 அடியாக வெட்டுங்கள். ஏழாவது கம்பு கூரையின் நடுக்குறுக்குக்கும் கதவுச் சட்டத்துக்கும்.

வலைக்குப் பணத்தைச் சுருக்காதீர்கள். ஒரு அங்குலக் கண், 16 கேஜ், ஜிஐ வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசி, குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்த இரும்பு வலை), 3 அடி அகலத்தில் 50 அடிச் சுருள் ஒன்று. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 20 கேஜை மலிவாகத் தருகிறார் என்று வாங்கி வராதீர்கள். அறுகோணக் கண் கோழிவலை கூரைக்கு மட்டும் சரி; பக்கங்களில் போட்டால் நாய் பல்லால் பிய்த்துவிடும். நைலான் வலையைப் பூனையே கடித்துவிடும், நகமும் சிக்கிக்கொள்ளும். மடக்குக் கொசுவலைக் கூடாரமும் அப்படித்தான், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஆகும்.

கணக்கு இப்படி: சுவர் போக மூன்று பக்கமும் சேர்ந்து 14 அடி. 3 அடி அகல வலையை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசை போட 28 அடி. கூரைக்கு 4 அடித் துண்டு இரண்டு, ஆக 8 அடி. தரையோரப் பட்டைக்கு 5 அடி. மீதி 9 அடி வெட்டுச் சேதத்துக்கும் கதவுக்கும். இதோடு 3 அடி அகலத்தில் கால் அங்குலக் கண் மெஷ் 7 அடி, கட்டுக்கம்பி ஒரு கிலோ, யூ ஆணி அரைக் கிலோ, கீல் இரண்டு, தாழ்ப்பாள் இரண்டு. கதவுக்குப் பழைய இரும்புக் கடையில் ஒரு கிரில் துண்டோ வலைக்கதவோ கிடைத்தால் அதையே பொருத்திக்கொள்ளலாம்.

கட்டும் முறை

நிலைக்கம்புகளின் அடி ஒன்றரை அடியைத் தீயில் கருக வாட்டுங்கள். கறையான் பிடிப்பதும் மழையில் உளுத்துப்போவதும் தள்ளிப்போகும். பழைய இன்ஜின் ஆயிலோ கறையான் மருந்தோ பூசக் கூடாது. காலில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும். நான்கு மூலைக்கும் ஒன்றரை அடிக் குழி எடுத்து, கல்லும் மண்ணும் போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். ஐந்தாவது கம்பு 4 அடிப் பக்கத்தில், மூலையிலிருந்து 2 அடி தள்ளி. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் பெருக்கப் போகும் கதவு. அது உட்பக்கம் திறக்க வேண்டும். வெளிப்பக்கம் திறந்தால், நீங்கள் நீக்கும் இடுக்கிலேயே பூனை வெளியே போய்விடும். தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று.

குறுக்குக் கம்புகள் தரையில், 3 அடியில், உச்சியில். நடுக்குறுக்கு சரியாக 3 அடியில் இருந்தால்தான் இரண்டு வலை வரிசையின் விளிம்பும் அதன் மேல் வந்து உட்காரும். வலையைச் சட்டத்தின் உட்பக்கம் அடிப்பதைவிட வெளிப்பக்கம் அடிப்பது எளிது, அதோடு நாய் முட்டும்போது உட்பக்க வலை ஆணியிலிருந்து கழன்றுவரும், வெளிப்பக்க வலை கம்பின் மீது சாய்ந்து நிற்கும். அதனால் வெளிப்பக்கமே. நான்கு அங்குலத்துக்கு ஒரு யூ ஆணி, இடையிடையே கட்டுக்கம்பி முறுக்கு. முறுக்கின் முனை வெளியே பார்க்கட்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பூனையின் பாதமும் கண்ணும் கிழியும். வெள்ளை நிறக் கேபிள் டை ஒரு கோடைக்குத் தாங்காது.

கால் அங்குல மெஷ்ஷை நெடுக்கில் பாதியாக வெட்டினால் ஒன்றரை அடி உயரத்தில் 14 அடி கிடைக்கும். அடிப்பாகத்தைச் சுற்றிலும், கதவிலும் சேர்த்து, அடியுங்கள். தவளை, தேரை, சிறு பாம்பு உள்ளே வராமல் தடுக்க இதுதான். ஒரு அங்குலக் கண்ணில் குட்டிப் பாம்பு நுழைந்துவிடும். ஆனாலும் முழுக்காவல் என்று நம்பிவிடாதீர்கள், பாம்பு ஏறும். கூண்டைச் சுற்றி விறகு, ஓடு, தேங்காய் மட்டை குவிக்காமல் இருப்பதும், பொழுது சாயும் முன் பூனையை உள்ளே அழைப்பதும்தான் காவல். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது. நேரே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

5 அடித் துண்டை ஓரடி அகலத்தில் மூன்றாக வெட்டி, கூண்டுக்கு வெளியே தரையில் படுக்கவைத்து ஓரத்தில் கட்டி, மேலே செங்கல் வையுங்கள். நாயும் பெருச்சாளியும் சுவர் ஓரமாகத்தான் தோண்டும். தோண்டினால் வலை தடுக்கும்.

இனி இடைவெளிச் சோதனை. பெரும்பாலும் பூனை தப்பிப்பது வலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவிலும் கூரை மூலையிலும்தான். உங்கள் மூன்று விரல் சேர்ந்து நுழையும் இடத்தை எல்லாம் அடைத்துவிடுங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

உள்ளே

தகரக் கூரை வேண்டாம், அடுப்பு போலக் கொதிக்கும். வலைக் கூரையில் பாதிக்குக் கீற்றோ 75 சதவீத நிழல்வலையோ போட்டு, மீதியைத் திறந்து விடுங்கள். வெயில் காய ஒரு துண்டு இடம் அதற்கு வேண்டும். ஜன்னல் விளிம்பிலிருந்து இறங்க ஒரு பலகை, பிறகு 2 அடியிலும் 4 அடியிலும் பத்து அங்குல அகலப் பலகைகள். பூனை தரையைவிட உயரத்தில் உட்காருவதையே விரும்பும். ஒரு நிலைக்கம்பில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கச் சுற்றிவிடுங்கள். சோபாவின் நகக்கீறல் குறையும். ஒரு மண்சட்டியில் தண்ணீர். ஆற்று மணலைக் குவித்து வைத்தால் அது கழிப்பிடமாகிவிடும்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். அதிலுள்ள பீனால் வகைகளைப் பூனையின் ஈரல் வெளியேற்ற முடியாமல் திணறும். சோப்புத் தண்ணீர் போதும், அலசிவிடுங்கள். உண்ணிக்கு நாய்க்கான சொட்டு மருந்தைப் போடுவதும் உயிருக்கு ஆபத்து, முக்கியமாகப் பெர்மெத்ரின் உள்ளவை.

செடிகளில் அரளி, தங்க அரளி, எருக்கு, லில்லி, செங்காந்தள் எதுவும் வலைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். அருகம்புல் ஒரு தொட்டியில் வையுங்கள், மென்று தின்னும். குப்பைமேனியை வேரோடு பிடுங்கி மண் உதறிக் கொடுத்தால் வேரில் முகம் தேய்த்து உருளும். சற்று நேரம் விளையாட விட்டு எடுத்துவிடுங்கள், தின்ன விடாதீர்கள்.

முதல் வாரம்

வெறிநோய்க்கும் பான்லுகோபீனியா என்ற கொடிய பூனை வைரஸ் நோய்க்கும் தடுப்பூசி, குடல்புழு மருந்து, கருத்தடை ஆகியவை முடிந்த பிறகே திறப்பு விழா. சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிக்கனமாக முடியும்.

பூனையைத் தூக்கி வெளியே விடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு அதுவாகப் போகட்டும். முதல் நாள் மூக்கை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். அது வெளியே இருக்கும் வரை ஜன்னலை மூடவே கூடாது, நாய் வலையில் பாய்ந்தால் ஓட ஒரு வழி வேண்டும். உணவுக்கு முன் வெளியே விட்டு, தட்டைத் தட்டி அழைத்து உள்ளே கொடுங்கள். நேரம் காலை 9-க்குள், மாலை 4.30-க்கு மேல்; சித்திரை வெயிலில் இன்னும் சுருக்குங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அபாய நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பை ஈரத்துணியால் துடைத்தபடி மருத்துவரிடம் போங்கள். மியாவ் என்று கத்தும்போது ஜன்னலைத் திறந்தீர்களானால், கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். தினமும் ஒரே நேரத்தில் திறப்பது இதற்கு மருந்து.

கூண்டைத் தாண்டி நடக்க வேண்டுமென்றால் மேலங்கி போல மாட்டும் ஹார்னெஸ், ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டக் கூடாது. பூனை பின்பக்கமாக நழுவித்தான் கழற்றும், ஆகவே முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே மாட்டிப் பழக்குங்கள். தரையில் சாய்ந்து செத்தது போலக் கிடக்கும், பிறகு சரியாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், நிலைக்கம்புகளை ஆட்டிப் பாருங்கள். அடியில் இளகியதை மாற்றுங்கள், துருப்பிடித்த கட்டுக்கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாக முறுக்குங்கள்.