எனக்குத் திறந்த இணைப்புகள் நெறியாளருக்குத் திறக்கவில்லை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் படித்த என் நெறியாளர், அடிக்குறிப்புகளில் பதினொரு இணைப்புகள் உள்நுழைவுப் பக்கத்திலேயே நின்றுவிடுவதாகத் தெரிவித்தார். என் கணினியிலோ அவை அனைத்தும் தடையின்றித் திறந்தன. மேற்கோள் விவரங்களைத் தொகுக்கும் மென்பொருளான ஸோட்டெரோவில் அப்பதிவுகளை அழித்து மீண்டும் சேர்த்தேன். கோப்பைப் புதிதாகப் பிடிஎஃப் ஆக்கினேன். உலாவியின் தற்காலிகச் சேமிப்பை நீக்கினேன். நான்கு நாள்கள் வீணாயின.

ஐந்தாம் நாள் ஒரு முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான், இதழின் தளப்பெயரில் புள்ளிகள் இருக்க வேண்டிய இடங்களில் சிறுகோடுகள் இருப்பதும், அதன் வாலில் எங்கள் நூலகத்தின் ப்ராக்ஸி சர்வர் (நூலகக் கணக்கு உள்ளவர்களை மட்டும் இதழ்த் தளங்களுக்குள் விடும் இடைக் கணினி) பெயர் ஒட்டியிருப்பதும் கண்ணில் பட்டன. நூலகக் கணக்கில் நுழைந்த நிலையில் முகவரிப்பட்டையிலிருந்து நகலெடுத்ததால் வந்த வினை இது.

கட்டுரைகளுக்கெல்லாம் முதற்பக்கத்தில் அச்சாகியிருந்த, 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ என்னும் நிலையான அடையாளக் குறியீட்டை இட்டேன். பிடிஎஃப்பில் வரி முறியும் இடத்தில் அக்குறியீட்டுக்குள் ஓர் இடைவெளி நுழைந்துவிடுகிறது. ஒரு குறிப்பு அதனாலேயே மறுபடியும் தவறியது. டிஓஐ இல்லாத இரண்டு அறிக்கைகளை இணையப் பக்கங்களின் நகல்களைக் காக்கும் வேபேக் மெஷினில் சேமித்து, அந்த நகலின் முகவரியை மூல முகவரியோடு சேர்த்துக் கொடுத்தேன். நகலின் முகவரியிலுள்ள 14 இலக்கங்கள் சேமித்த ஆண்டு முதல் நொடி வரை காட்டுகின்றன. ஆனால் அது உலகப் பொது நேரம் என்பதால், பார்த்த தேதியோடு ஒரு நாள் வேறுபடக்கூடும்.

பின்னர் நூலகக் கணக்கு இல்லாத கைப்பேசியில், மறைநிலைச் சாளரத்தில் பதினொன்றையும் சோதித்தேன். கட்டணக் கட்டுரைகளுக்குச் சுருக்கப் பக்கமாவது வந்தது; மேற்கோளுக்கு அது போதும்.