இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பரீட்சை எழுதப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணான், விருதுநகர் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். "அண்ணே, இன்சூரன்ஸ் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன், எந்த பரீட்சை ஈசி?"ன்னு கேட்டான். இந்த லைனுக்கு வர்ற முக்காவாசிப் பேரு முதல்ல கேக்குறது இதத்தான், தப்பும் இங்கேயேதான் ஆரம்பிக்குது. பரீட்சை ஒரு மணி நேர சமாச்சாரம், முடிஞ்சிரும். ஆனா எந்த பரீட்சை எழுதுறீங்களோ அதப் பொறுத்து நீங்க யாரோட ஆளுங்கறது முடிவாயிடும். கம்பெனி ஆளா, பேங்க் ஆளா, புரோக்கர் ஆளா, அத யோசிக்காம எழுதிட்டு அப்புறம் மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்கள நான் வருஷா வருஷம் பாக்குறேன்.

முதல்ல அந்த லைசென்ஸ்ங்கற வார்த்தைய எடுத்துக்குவோம். முன்னாடி இன்சூரன்ஸ் துறைய கண்காணிக்கிற ஐஆர்டிஏ லைசென்ஸ் குடுத்துச்சு, மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். 2015ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் அது போயிடுச்சு, இப்ப நீங்க ஐசி-38ங்கற ஏஜெண்ட் பரீட்சைய பாஸ் பண்ணா கம்பெனிதான் உங்கள ஏஜெண்டா நியமிச்சு லெட்டர் குடுக்கும். அதனால பாஸ் பண்ண பேப்பர வச்சிக்கிட்டு "நான் ஏஜெண்ட்"னு சொல்லிக்க முடியாது. அந்த சர்டிபிகேட்டுக்கு ஆயுசு 12 மாசம்தான், முதல் தடவ சேர்றவங்க அதுக்குள்ள ஒரு கம்பெனில சேரணும். எங்க ஏரியா பொண்ணு ஒண்ணு பாஸ் பண்ணிட்டு, கல்யாணம், குழந்தைன்னு ஒன்றரை வருஷம் கழிச்சு வந்துச்சு, மறுபடியும் முதல்ல இருந்து எழுத வேண்டியதாப் போச்சு.

இன்னொரு குழப்பம், லைசென்ஷியேட். பேரு லைசென்ஸ் மாதிரியே இருக்கறதால அதுதான் ஏஜெண்ட் பரீட்சைன்னு நெனச்சு இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இண்டியாவுல பீஸ் கட்டிடுறாங்க. அது தொழில் படிப்பு, கம்பெனில வேல பாக்குறவங்க பிரமோஷனுக்காக எழுதுறது, 100க்கு 60 எடுத்தாத்தான் பாஸ். நல்ல படிப்புதான், ஆனா பாலிசி விக்க ஆரம்பிக்கிறதுக்கு நீங்க எழுத வேண்டியது அது இல்ல.

சரி, எதெது யாருக்கு? பத்தாவது பாஸ், 18 வயசு ஆயிருந்தா ஏஜெண்ட் ஆகலாம், பிஓஎஸ்பியும் (பாயிண்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன், அதாவது எளிமையான பாலிசிகள மட்டும் விக்கிறவரு) ஆகலாம், தகுதி ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனாலதான் ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க. ஏஜெண்டுக்கு ஐசி-38, வெளி அமைப்பு வைக்கிறது, கம்ப்யூட்டர்ல எழுதணும், 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தா பாஸ், அதாவது 18 சரியா இருக்கணும். பிஓஎஸ்பிக்கு 15 மணி நேர டிரெய்னிங், பரீட்சையும் உங்கள சேக்குற கம்பெனியோ புரோக்கரோ அவங்களே வச்சிருவாங்க. வீடியோவ ஓட விட்டுட்டு சாயங்காலம் டெஸ்ட் எழுதி சர்டிபிகேட் வாங்கிட்டேன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க, ஆனா பிஓஎஸ்பி விக்கிறதுக்கு எல்லை இருக்கு. பைக், கார் இன்சூரன்ஸ், விபத்து பாலிசி, டிராவல் மாதிரி முன்னாடியே வரையறுத்து வச்ச எளிமையான பாலிசிகள்தான். பெரிய தொகைக்கு மெடிக்கல் டெஸ்ட் எல்லாம் எடுத்து ஒரு டேர்ம் பாலிசி (இறந்தா மட்டும் பணம் வர்ற லைஃப் பாலிசி) போட்டுக் குடுக்கணும்னு ஆச இருந்தா பிஓஎஸ்பி உங்களுக்கு பத்தாது. அந்த சர்டிபிகேட் அந்த ஒரு இடத்தோட சரி, அதக் கொண்டு போய் ஏஜெண்ட் ஆக முடியாது. ஆனா புரோக்கர் மூலமா பிஓஎஸ்பி ஆனா ஒண்ணு கெடைக்கும், அந்த புரோக்கர் தொடர்பு வச்சிருக்கிற பல கம்பெனி பாலிசியையும் வாடிக்கையாளருக்குக் காட்டலாம், ஏஜெண்டால அது முடியாது.

பேங்க்ல உக்காந்து பாலிசி விக்கிறவங்க வேற கணக்கு, அவங்கள ஸ்பெசிஃபைட் பெர்சன்னு சொல்லுவாங்க, அவங்க எழுதுற பரீட்சை அந்த பேங்கோட கார்ப்பரேட் ஏஜென்சிக்காக (பேங்கே ஏஜெண்டா இருந்து விக்கிறது), வேலைய விட்டுட்டு வந்து அதே சர்டிபிகேட்ட வச்சு தனியா யாவாரம் பண்ண முடியாது. புரோக்கர் லைசென்ஸ் தனி ஆளுக்குக் கெடைக்கவே கெடைக்காது, கம்பெனி மாதிரி ஒரு அமைப்பா பதிவு பண்ணணும், நேரடியா வாடிக்கையாளருக்கு பாலிசி போட்டுக் குடுக்குற டைரக்ட் புரோக்கருக்கே 75 லட்சம் மூலதனம் காட்டணும். யாராவது "5000 ரூவா குடு, புரோக்கர் பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கித் தரேன்"னு சொன்னா தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க.

ஏஜெண்ட்னு முடிவு பண்ணவங்க பண்ற பெரிய தப்பு, ரெண்டு லைஃப் கம்பெனில ஏஜெண்ட் கோடு (ஏஜெண்ட் நம்பர்) வாங்கப் பாக்குறது. சட்டப்படி ஒரு லைஃப், ஒரு ஜெனரல் (வண்டி, கடை மாதிரி சொத்துக்கு), ஒரு தனி ஹெல்த் கம்பெனி, ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணுதான். எல்ஐசில இருந்துக்கிட்டே யுனைடெட் இந்தியாவுலயும் ஸ்டார் ஹெல்த்துலயும் இருக்கலாம், அதுக்குரிய பேப்பர பாஸ் பண்ணிருக்கணும், ஆனா எல்ஐசியும் இன்னொரு லைஃப் கம்பெனியும் சேந்து முடியாது. சம்சாரம் பேருல ஒண்ணு எடுத்து வச்சிட்டு நாமளே ஓட்டுறதும் வேணாம், கிளைம்னு வந்து நிக்கும்போது கையெழுத்துப் போட்டவங்களுக்கு அந்த பாலிசியப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பாதிக்கப்படறது அந்த குடும்பம்தான்.

கம்பெனி மாறணும்னா பழைய இடத்துல ஏஜென்சிய சரண்டர் பண்ணி, விலகிட்டீங்கன்னு சொல்ற செசேஷன் சர்டிபிகேட் வாங்கணும், அதுல இருந்து 90 நாள் கழிச்சுதான் புது கம்பெனி உங்கள எடுக்க முடியும். என் அத்தை பையனுக்கு இதுல ரொம்ப சங்கடமாயிடுச்சு. அவன் இருந்த கம்பெனி இன்னிக்குத் தரேன் நாளைக்குத் தரேன்னு அந்த பேப்பர இழுத்துக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் இந்த 90 நாள் வேற, மொத்தமா அர வருஷம் வருமானம் இல்லாம இருந்தான். அதனால சேரும்போதே நல்லா விசாரிச்சு சேருங்க, மேனேஜர் நல்லாப் பேசுறாருங்கறதுக்காக மட்டும் சேராதீங்க.

இனி பரீட்சைக்குள்ள வருவோம். ஏற்கனவே லைஃப் பாஸ் பண்ணவங்க ஜெனரல் பேப்பர அசால்ட்டா எழுதப் போயி கோட்ட விடறாங்க, ஏன்னா ரெண்டுக்கும் அடிப்படையே வேற. லைஃப்ல 30 லட்சத்துக்கு பாலிசி எடுத்த மனுஷன் இறந்துட்டா 30 லட்சம், அங்க நஷ்டத்த அளக்க முடியாது. ஜெனரல்ல நஷ்டம் எவ்வளவோ அதுதான், அதுவும் முழுசா வராது சில நேரம். 10 லட்சம் மதிப்புள்ள கடைய 5 லட்சத்துக்குத்தான் இன்சூர் பண்ணிருக்காரு, தீப்பிடிச்சு 2 லட்சம் நஷ்டம், எவ்வளவு கெடைக்கும்? 2 லட்சம்னு டிக் அடிச்சிருவாங்க. கெடையாது, பாதி மதிப்புக்குத்தான் இன்சூர் பண்ணிருக்காரு, அதனால நஷ்டத்துலயும் பாதி, 1 லட்சம்தான். இன்சூரபிள் இண்ட்ரஸ்டும் (அந்த உயிரோ பொருளோ போனா பாலிசி எடுத்தவருக்கு நஷ்டம் வர்ற உறவு) அப்படித்தான், லைஃப்ல பாலிசி எடுக்கும்போது இருந்தா போதும், தீ பாலிசிக்கு எடுக்கும்போதும் இருக்கணும் நஷ்டம் வரும்போதும் இருக்கணும், மரைனுக்கு (கப்பல், சரக்கு இன்சூரன்ஸ்) நஷ்டம் வரும்போது இருந்தா போதும். இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி செவுத்துல ஒட்டிக்கங்க.

பழைய நோட்ஸ நம்பாதீங்க. ஐசி-33ங்கற பழைய ஏஜெண்ட் பரீட்சை புக்க இன்னும் கை மாத்தி கை மாத்தி படிக்கிறாங்க, அது எப்பவோ போயிடுச்சு. 2024ல விதிமுறை நெறைய மாறிச்சு, பாலிசி பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்குற ஃப்ரீ லுக் 15 நாளா இருந்தது இப்ப 30 நாள், ஹெல்த்ல ஏற்கனவே இருக்குற நோய்க்கு காத்திருக்கிறது அதிகபட்சம் 4 வருஷமா இருந்தது 3 வருஷம் ஆயிடுச்சு. இது மார்க்குக்காக மட்டும் இல்ல. சுகர் இருக்கிற ஒரு அம்மாகிட்ட நீங்க போயி 4 வருஷம்னு சொன்னா அவங்க பயந்து பாலிசியே எடுக்காமப் போயிடுவாங்க.

கடைசியா நம்ம ஊருக்கே உள்ள ஒரு பிரச்சன, இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்ல எஸ் மட்டும் இருக்கும், பான் கார்டுல அப்பா பேரு முழுசா வந்து முன்னாடியோ பின்னாடியோ ஒட்டியிருக்கும், ஆதார்ல மூணாவதா ஒண்ணு இருக்கும். படிச்சு முடிச்சு ரெடியா இருப்பாங்க, பேரு ஒத்துப் போகலன்னு அப்ளிகேஷன் திரும்பி வந்துரும். படிக்கிறதுக்கு முன்னாடி மூணு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒர்க்‌ஷாப் தம்பிகிட்ட, உன் கடைக்கு வர்றவங்க உங்கிட்ட என்னடா கேக்குறாங்கன்னு கேட்டேன். "வண்டி இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு, போட்டுக் குடுப்பியான்னுதாண்ணே கேக்குறாங்க"ன்னான். அப்ப உனக்கு புரோக்கர் மூலமா பிஓஎஸ்பிதான் சரி, நாலு கம்பெனி ரேட்டையும் காட்டி அவங்களுக்கு எது நல்லதோ அதப் போட்டுக் குடுன்னு சொன்னேன். சரின்னு மார்க் ஷீட்டையும் பானையும் போட்டோ எடுத்து அனுப்புனான், பாத்தா ரெண்டுலயும் பேரு வேற வேற. இப்ப பான் கரெக்‌ஷனுக்கு போட்டிருக்கான், அது கைக்கு வந்ததும் டிரெய்னிங் ஆரம்பிக்கிறான்.