வளரிளம் பிள்ளையின் உறக்கமும் வீட்டுச் சண்டையும்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை திடீரென எரிந்து விழத் தொடங்கினால், குணமே மாறிவிட்டது என்று முடிவுகட்டும் முன், எத்தனை மணிக்கு உறங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், அதன்பின் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பருவமடையும்போது, உறக்கம் வரச் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரப்பதால், பத்து மணிக்கும் கண் சொக்காதது பெரும்பாலும் பிடிவாதமன்று.

முதலில் மாற்ற வேண்டியது சண்டையின் நேரம். மதிப்பெண், கைப்பேசி என எதுவானாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேச்சை எடுக்காதீர்கள். விளக்கணைத்த பிறகு கூடத்தில் நீங்கள் இருவரும் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்தாலும், போர்வைக்குள் இருக்கும் பிள்ளை அதில் தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் படுத்திருக்கும். மறுநாள் காலையில் ஒரு காலுறை கிடைக்காததற்கே அழுகை வெடிக்கும், அதற்கும் திட்டு விழும்.

கைப்பேசியைப் பிடுங்காமல், உங்களுடையதையும் சேர்த்து ஒன்பதரை மணிக்குக் கூடத்தில் சார்ஜில் போடுங்கள் (நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது நடக்காது). விடுமுறையிலும் எழும் நேரம் அதிகம் தள்ளிப்போக வேண்டாம். சில வாரங்களாகியும் உறக்கம் சீராகாவிட்டாலோ பலத்த குறட்டை இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே.