‘போலீஸில் இருந்தவர்’ என்று ஓட்டுக் கேட்டால் எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், பூப்பாறை பக்கம் ஃப்ளெக்ஸில் ‘முன்னாள் காவல் அதிகாரி’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வேட்பாளர் சத்தியம் செய்து கையெழுத்துப் போடும் பிரமாணப் பத்திரம் வேறு. சட்டமன்றத் தேர்தல் என்றால் அது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். வரணாதிகாரி (தேர்தல் நடத்தும் அதிகாரி) அலுவலகப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் என்றால் படிவம் 2ஏ.

தலைப்பில் ‘சத்தியவாங்மூலம்’ என்று மலையாளத்தில் இருந்தால் மலைக்க வேண்டாம். படிவம் 26-இல் எந்த மொழியிலும் வரிசை எண் மாறாது. 5 நிலுவை வழக்கு, 6 தண்டனை, 7 சொத்து, 8 கடன், 9 தொழில், 9ஏ வருமான வழி, 10 படிப்பு.

முதலில் 9, 9ஏ இரண்டையும் பாருங்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்றால் அங்கே பென்ஷன் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே ‘டிஸ்மிஸ் ஆனவர்’ என்று ஊரில் கிளப்பிவிடாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கும் பொதுவாகப் பென்ஷன் கிடையாது. வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேரள போலீஸில் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவருக்கு ஓய்வு வயது 56, தமிழ்நாட்டில் 60. ஐம்பது வயதுக்காரர் ‘ஓய்வுபெற்ற’ என்று போட்டிருந்தால், விருப்ப ஓய்வா, விலகலா, நீக்கமா என்று நேரிலேயே கேளுங்கள். ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ நீக்கப்பட்டவர் ஐந்து ஆண்டு போட்டியிட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 9. வேறு காரணத்துக்காக நீக்கப்பட்டு ஐந்து ஆண்டு ஆகாதவர், இந்த இரண்டு காரணத்துக்காக நீக்கப்படவில்லை என்ற ஆணையத்தின் சான்றிதழை மனுவோடு வைத்தாக வேண்டும்.

பதவிப் பெயரிலும் கவனம் வேண்டும். கேரளத்தின் கிரேடு எஸ்.ஐ., தமிழ்நாட்டின் சிறப்பு எஸ்.ஐ. இரண்டும் காவலராகச் சேர்ந்து நீண்ட சர்வீஸில் கிடைப்பவை. அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் ‘ஸ்டேஷனை நடத்தினேன்’ என்று பேசினால் எந்த ஸ்டேஷன், எந்த வருடம் என்று கேட்க வேண்டும். குடியரசுத் தலைவர் பதக்கம் வாங்கியதாகச் சொன்னால் வேலை சுலபம்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி உள்துறை அமைச்சகம் பெயரும் பதவியுமாகப் பட்டியல் வெளியிடுகிறது.

படிவம் 26-இல் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வரிசை எண் 5, நிலுவை வழக்கு. எத்தனை வழக்கு என்று எண்ணுவதில் பயனில்லை, பிரிவைப் படியுங்கள். கூலி உயர்வுக்கு ரோட்டை மறித்த தோட்டத் தொழிலாளர் தலைவர் மீது நாலைந்து வழக்கு இருப்பது சாதாரணம். முன்னாள் போலீஸ்காரர் மீது இந்திய தண்டனைச் சட்டம் 330 ஒன்றே ஒன்று இருந்தாலும் கனம் அதிகம்: வாக்குமூலம் வாங்க அடித்தது என்று அர்த்தம். புதிய நியாய சம்ஹிதையில் அது 120. ஊழல் தடுப்புச் சட்டம் 7 என்றால் லஞ்சம். நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்துவிட்டதா என்பதும் அதே கட்டத்தில் இருக்கும்.

எல்லைப் பகுதியில் தேடல் சறுக்குவது இங்கேதான். வீடு மறையூரில், வழக்கு உடுமலையில். வீடு பூப்பாறையில், வழக்கு போடியில். நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் இடுக்கியை மட்டும் தேடினால் ஒன்றும் வராது. தேனி, திருப்பூர் மாவட்டங்களையும் தேடுங்கள். பெயரை இனிஷியல் இல்லாமல், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். தகப்பனார் பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் யார் மீதும் பழி போடக்கூடாது.

அவருடைய பணி விவரம் கேட்டுக் காவல் துறைக்குப் போடும் தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் வர 30 நாள் ஆகலாம், அதனால் வேட்புமனு போட்ட பிறகு எழுதினால் ஓட்டுப்பதிவே முடிந்துவிடும். பெயர் அடிபடத் தொடங்கியதுமே எழுதிவிடுங்கள். சேர்ந்த தேதி, கடைசிப் பதவி, பணி முடிந்த விதம் என மூன்றே கேள்வி போதும். மெமோ, தண்டனைக் கோப்பு என்று நீட்டினால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லியிருக்கிறது. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்றால் தமிழிலேயே எழுதலாம்.

பத்திரத்தில் பொய் இருப்பது ஆவணத்தோடு தெரிந்தால், வரணாதிகாரியிடம் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுங்கள். அதற்காக மனுவைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். ஆனால் வேட்பாளரின் பத்திரத்தோடு உங்களுடையதும் பலகைக்கு வரும். பொய்ப் பத்திரத்துக்கு அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 125ஏ-படி ஆறு மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் கொடுப்பதும் சத்தியப் பத்திரம்தான், ஆகவே கேள்விப்பட்டதை அதில் எழுதாதீர்கள்.