வலையில் சிக்கிய சாரையை நூல் வெட்டி விடுவித்து, காயம் தெரியும்வரை வைத்திருப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலான எழுவான்கரையில் கழித்துப் போட்ட தங்கூசி வலைக்கு, அதாவது நைலோன் நூல் மீன்வலைக்கு, எப்போதும் ஒரு வேலை இருக்கும். களுதாவளை, தேத்தாத்தீவுப் பக்கம் தோட்டத்துக்கு வேலி, வளவுக்குள் கீரைப் பாத்திக்குத் தடுப்பு, கோழிக்கூட்டுக்கு மேல்மூடி. எலியைத் தேடி வரும் சாரை அந்த வலைக்குள் தலையை விடும். தலை நுழைந்துவிடும், உடம்பின் தடித்த பகுதி நுழையாது. பின்னுக்கு இழுத்தால் செதிள் ஓரம் நூலில் கொளுவும், முன்னுக்குத் தள்ளினால் நூல் இறுகும். உழன்று உழன்று, ஆட்கள் காணும் நேரத்தில் நாலைந்து வலைக்கண் உடம்பைச் சுற்றி இறுகியிருக்கும்.

நல்ல மனமுள்ளவர்கள் நூலை வெட்டி, பாம்பை உடனே பற்றைக்குள் விட்டுவிடுகிறார்கள். பிழை அங்கேதான். நூல் இறுக்கிய இடம் அன்றைக்கு வெறும் கோடு மாதிரித்தான் தெரியும். இரத்த ஓட்டம் நின்ற தோல் கறுத்து அழுகத் தொடங்குவது சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியவரும். ஆகவே வெட்டியபின் அதைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ளது அந்தக் கொஞ்ச நாளுக்கான செய்முறை. வளர்ப்பதற்கு இல்லை.

முதலில் தொலைபேசி

கத்தரிக்கோலைத் தேடுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். காட்டுப் பாம்பை அவர்களுக்குத் தெரியாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டச் சிக்கல். வெங்கணாந்தி (மலைப்பாம்பு) என்றால் இன்னும் கூடுதல் கவனம். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. உடனே வர முடியாது, சாரைதான், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மட்டும் தொடருங்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று எழுதி வையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பாம்புக்கு மேல் நிழல் விழச் செய்யுங்கள். நாலு தடி நட்டு ஒரு சாக்கை விரித்தால் போதும். வலையில் சிக்கிய பாம்பை நூலைவிட வெயில் சீக்கிரம் கொல்லும்.

சாரைதானா?

இரண்டு மீற்றர் தள்ளி நின்று, போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். தலையைப் பக்கவாட்டில் ஒன்று, நடு உடம்பு ஒன்று, வால் ஒன்று. அதை அதிகாரிக்கு அனுப்பி, அவர் வாயால் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாரைக்குப் பெரிய வட்டக் கண். உதட்டுச் செதிள்களுக்கு நடுவே பேனாவால் கீறின மாதிரி கறுப்புக் கோடுகள். கழுத்து தலையைவிடத் தெளிவாக ஒடுங்கியிருக்கும். உடம்பின் பின்பாதியில் ஒழுங்கில்லாத கறுப்புப் பட்டைகள். கோபம் வந்தால் கழுத்தை மேலும் கீழுமாக உப்பி உறுமும்.

நாகத்தைச் சாரை என்று எண்ணுவதுதான் உயிர் போகும் தவறு. படம் விரிக்கவில்லை, ஆகவே நாகமில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கழுத்தில் வலை இறுகியிருந்தாலோ, களைத்திருந்தாலோ நாகம் படம் விரிக்காது. கண்ணாடி விரியனைக் குட்டி வெங்கணாந்தி என்று எண்ணுவது அடுத்தது. விரியனின் முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசை வட்டங்கள் ஒழுங்காக ஓடும், வெங்கணாந்தியின் திட்டுகள் ஒழுங்கில்லாதவை. எட்டடி விரியனையும் வெள்ளை வரி போட்ட விஷமில்லாத சிறு பாம்புகளையும் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். வரி போட்ட எதையும் தொட வேண்டாம். கடற்கரையிலோ வாவியிலோ வலையோடு வந்த பாம்புக்கு வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தால் அது கடற்பாம்பு, கடுமையான விஷம்.

சந்தேகம் துளி இருந்தாலும் நிழலை மட்டும் போட்டுவிட்டு, பிள்ளைகளையும் நாயையும் விலக்கிவைத்துக் காத்திருங்கள். என்ன பாம்பென்று தெரியாமல் கடி பட்டால் 1990 அம்புலன்ஸ். கடித்த இடத்தைக் கட்டக் கூடாது, கீறக் கூடாது. அசையாமல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷகடி பரிசாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) போய்ப் பிறகு ஆஸ்பத்திரி என்று கணக்குப் போடுகிற நேரம்தான் ஆளைக் கொல்கிறது. இலங்கையில் பயன்படும் விஷமுறி மருந்து நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் தயாரிக்கப்பட்டது. கடற்பாம்புக்கு அது வேலை செய்யாது.

வெட்டுவது

ஆள் இருவர் வேண்டும். சாமான்கள்: நுனி மழுங்கிய கத்தரிக்கோல் (பார்மசியில் கட்டுத்துணி வெட்ட விற்பது நல்லது), தடித்த துவாய் இரண்டு, ஐஸ்கிறீம் குச்சி ஒன்று, வெளிச்சத்துக்கு டோர்ச். தோல் கையுறை இருந்தால் போடுங்கள். சாரைக்கு விஷமில்லை, ஆனால் நன்றாகக் கடிக்கும்.

பாம்பு கட்டுண்ட துண்டை முதலில் வேலியிலிருந்து அகலமாக வெட்டி எடுங்கள். பாம்பை வலையிலிருந்து இழுத்து எடுக்க முயன்றால் வயிற்றுச் செதிள் பிய்ந்துவிடும். துண்டோடு நிழலுக்குக் கொண்டுவந்து நிலத்தில் வையுங்கள். ஒருவர் துவாயால் தலையை மூடி, கழுத்துக்குப் பின்னால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். நசுக்கக் கூடாது. பாம்பின் விலா எலும்பு மெல்லியது. இருட்டாகிவிட்டால் சாரை பெரும்பாலும் அடங்கும்.

மற்றவர் தலைக்கு மிகக் கிட்டிய நூலிலிருந்து தொடங்க வேண்டும். மூச்சு அங்கேதான். ஐஸ்கிறீம் குச்சியைத் தலைப்பக்கமிருந்து வால்பக்கமாக நூலுக்கு அடியில் செலுத்துங்கள். செதிள் ஓடு போட்ட கூரை மாதிரி வாலை நோக்கி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். எதிர்த்திசையில் செலுத்தினால் குச்சி செதிளுக்கு அடியில் போய்க் கிழிக்கும். குச்சியின் மேலே நூலை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். அவசரம் வேண்டாம், ஒரு பாம்புக்கு முக்கால் மணித்தியாலம் போனாலும் சரி.

முடிந்ததென்று தோன்றியபின் இன்னொரு தடவை தேடுங்கள். தங்கூசி நனைந்தால் கண்ணுக்குத் தெரியாது. டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, விரல் நுனியால் தலையிலிருந்து வால்வரை தடவுங்கள். வயிற்றுப் பக்கத்தை மறக்க வேண்டாம். ஒரே ஒரு வளையம் மிஞ்சினாலும், பாம்பு இரை விழுங்கி உடம்பு பருக்கும்போது அது மறுபடி இறுகும்.

எலிப் பசை அட்டையில் ஒட்டிய பாம்பென்றால் கத்தரிக்கோல் வேண்டாம். தேங்காய் எண்ணெயை ஓரத்திலிருந்து ஊற்றி, பசை இளகியதும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் பாம்பு செத்துவிடும்.

காயம்

ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்து அதனால் காயத்தைக் கழுவுங்கள். பிறகு 10 வீத பொவிடோன் அயடீன் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இதே உப்புத் தண்ணீர் கலந்து, பஞ்சால் ஒற்றுங்கள். நிறம் மெல்லிய பிளேன்ரீ மாதிரி இருக்க வேண்டும். கடுமையாகப் போட்டால் ஆறும் தோலும் வெந்துபோகும். மஞ்சள், சாம்பல், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். கட்டும் போடாதீர்கள், பாம்பு நெளிந்து கழற்றிவிடும், அல்லது அந்தக் கட்டே இன்னொரு வளையமாக இறுகும்.

தசை தெரியும் வெட்டு, வாயில் இரத்தம், முதுகு முறிந்து பின்பாதி அசையாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

பெட்டி

ஒன்றரை மீற்றர் சாரைக்கு 50 முதல் 60 லீற்றர் கொள்ளளவுள்ள, மூடிக்குப் பூட்டுள்ள பிளாஸ்டிக் பெட்டி. பக்கங்களில் 4 மில்லிமீற்றர் துளைகள் முப்பதளவில், உள்ளேயிருந்து வெளியே குத்துங்கள். வெளியேயிருந்து குத்தினால் கூர் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு மூக்கைக் கிழிக்கும். கம்பிவலைக் கூடு சாரைக்கு ஆகாது. வெளியே தெரிகிறதென்று மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். மூடியைப் பூட்டி, மேலே ஒரு செங்கல்லும் வையுங்கள். சாரைக்கு நல்ல பலம்.

அடியில் பத்திரிகைக் கடதாசி நாலு மடிப்பு. மணலும் மரத்தூளும் வைக்கோலும் காயத்தில் ஒட்டும். ஒளிந்துகொள்ள, ஒரு பக்கம் வெட்டிய பிஸ்கட் அட்டைப்பெட்டி. கவிழாத மண்சட்டியில் பாதிக்குத் தண்ணீர். அவ்வளவுதான்.

வெப்பம் 26க்கும் 31 பாகைக்கும் இடையில் இருந்தால் போதும், எங்கள் ஊரில் நிழலான அறையே அந்த அளவில் இருக்கும். விளக்குச் சூடு தேவையில்லை. ஆபத்து மறுபக்கம்: தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசி மத்தியானத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டி அடுப்பாகிவிடும். 35 பாகையைத் தாண்ட விடாதீர்கள். ஓட்டு வீட்டின் சீமெந்துத் தரையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள்.

பலரும் யோசிக்காதது எறும்பு. காயப்பட்ட பாம்பை எறும்பு மொய்த்தால் பெட்டிக்குள் அதற்கு ஓட இடமில்லை. அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் இரண்டு கல் வைத்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள். பெட்டி சுவரில் முட்டக் கூடாது. எறும்புப் பவுடரும் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிறேயும் அந்த அறைக்குள் வேண்டாம்.

அந்த நாட்கள்

முதல் நாள் மாலை, தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால், கண் உள்ளே போயிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் கிடத்துங்கள். தண்ணீரின் உயரம் பாம்பின் தடிப்பில் பாதி. களைத்த பாம்பு தலையைத் தூக்க முடியாமல் மூழ்கலாம், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாம்புக்குப் பால் வைக்கவில்லையா என்று கேட்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். புற்றுக்குப் பால் வார்ப்பது கோயில் காரியம். பெட்டிக்குள் இருப்பதற்குத் தண்ணீர் மட்டுமே. இரையும் வேண்டாம். வளர்ந்த சாரை வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயந்த பாம்புக்கு இரை கொடுத்தால் கக்கிவிடும், கக்குவது பட்டினியைவிடக் கெடுதல். உயிருள்ள எலியை உள்ளே போடுவது இன்னும் மோசம். அது பாம்பின் காயத்தையே கடிக்கும்.

காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பாருங்கள். மற்ற நேரம் மூடி திறக்க வேண்டாம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவும் வேண்டாம். பார்க்க வேண்டியது நூல் கோடு. கோடு காய்ந்து பொருக்குக் கட்டினால் நல்லது. கறுத்து, ஈரமாகி, மணத்தால், அல்லது கோட்டுக்குக் கீழே வால்பக்கம் வீங்கினால் கால்நடை வைத்தியர். வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், மூக்கில் குமிழி வந்தாலும் அப்படியே. கண் பால் மாதிரி மங்கினால் பயப்பட வேண்டாம், தோல் உரிக்கப் போகிறது. நீங்கள் உரித்துவிடாதீர்கள்.

சட்டியைச் சமையலறைப் பீலியில் கழுவாமல் கிணற்றடியில் தனியாகக் கழுவி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பாம்பின் கழிவில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

விடுவது

ஐந்து முதல் ஏழு நாளில் கோடு காய்ந்து, பாம்பு தொட்டால் சீறி, உடம்பு முழுவதும் ஒரே மாதிரி நெளிந்தால் விடலாம். அதிகாரிக்குச் சொல்லி, அவர் சொல்லும் இடத்தில். தூரத்துக்குக் கொண்டுபோய் உன்னிச்சைக் காட்டில் விட்டால் புண்ணியம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பழகாத இடத்தில் விட்ட பாம்பு எலி இருக்கும் பொந்தும் தெரியாமல், ஒளிய இடமும் தெரியாமல் அலைந்து சாகும். பிடிபட்ட இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள், வரம்போரமோ பற்றையோ போதும். சாரை பகலில் இரை தேடுவது, ஆகவே வெயில் ஏறுமுன் காலையில் விடுங்கள். மாரி வெள்ளம் நிற்கும் நாளென்றால் தண்ணீர் வடியும்வரை பொறுங்கள். பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிட்டுப் பின்னால் நில்லுங்கள், கொட்டிவிட வேண்டாம்.

அதற்குமுன் வேலியை மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கிழமை அதே பாம்பு அதே வலையில். வலையின் அடிப்பக்கத்தை நிலத்திலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டி, கீழ்ப்பகுதிக்குப் பழைய தகரத்தையோ 6 மில்லிமீற்றர்க் கண்ணுள்ள கம்பிவலையையோ அடியுங்கள். ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழிவலை வாங்காதீர்கள், சாரை அதிலும் சிக்கும். கழித்த தங்கூசியைச் சுருட்டி வளவு மூலையில் போடாமல் சாக்கில் இட்டு வாயைக் கட்டி வையுங்கள்.