ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பாராமெடிக்கல் விண்ணப்பம் போட மதுரை பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் சேர்ந்துவிடும். முதல் தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. 'ஓ.டி.' என்று சுருக்கிச் சொல்லப்படும் படிப்புகள் இரண்டு. பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி என்றால் அறுவை அரங்கில் கருவிகளையும் மயக்க மருந்து மெஷினையும் பார்த்துக்கொள்ளும் வேலை. பி.ஓ.டி. என்பதுதான் ஆக்குபேஷனல் தெரபி: நோயாலோ காயத்தாலோ குறைபாட்டாலோ முடங்கியவர்கள் சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் சிகிச்சை. விண்ணப்பம் தட்டித் தருகிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சமர்ப்பிக்கும் முன் படிப்பின் முழுப் பெயரை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இதற்கும் முந்தைய தவறு பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே நடந்திருக்கும். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் இந்த வழி அடைத்துக்கொள்ளும்.

போன வருஷம் சேர்ந்த சீனியர் சொன்னதை அப்படியே நம்புவதும் ஆபத்து. நாலு வருஷப் படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்பது வெகுகாலம் இருந்த முறை. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-ல் வந்த தேசியச் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டம், இன்டர்ன்ஷிப், சேர்க்கை விதிகள் எல்லாம் ஒரே ஆணையத்தின் கீழ் வருகின்றன. இந்த வருஷத்து விவரக் குறிப்பேட்டை மட்டும் பாருங்கள். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. ஏஜென்ட்டுக்கு அதில் வேலையே இல்லை.

வேலூர் சி.எம்.சி., முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிப்மெட், கோவை கே.எம்.சி.ஹெச். என்று வெளியூர் போய்ப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால், "இங்கேயே மூணு மாசத்தில் சென்சரி தெரபி சர்டிபிகேட்" என்ற விளம்பரம் வீட்டாரை இழுக்கும். ஒலி, தொடுகை போன்ற புலன் தூண்டல்களைச் சமாளிக்கக் குழந்தைகளைப் பழக்குவதுதான் சென்சரி தெரபி. அந்தச் சான்றிதழ் உங்களைத் தெரபிஸ்ட் ஆக்காது. பட்டம் வாங்கியவர் மேற்கொண்டு படிக்கும் பயிற்சி அது. அதே விளம்பரத்தில் "ஆர்.சி.ஐ. பதிவு பெற்ற ஓ.டி." என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு சிறப்பாசிரியர், பேச்சு-செவித்திறன் நிபுணர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்களுக்கு உரியது. ஆக்குபேஷனல் தெரபி அந்தப் பட்டியலில் இல்லை.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: மாணவர்கள் எந்தெந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு வேலை செய்கிறார்கள்? உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரம் களப் பயிற்சி கேட்கிறது. அந்த ஆயிரமும் குழந்தைகள் பிரிவிலேயே கழிந்தால் பக்கவாதம், கை அறுவை, மனநலம் எதுவும் கைக்குப் பழகாது.

அடுத்தது, "பிசியோ கிடைக்கல, அதான் ஓ.டி." என்று வருகிறவர்கள் செய்யும் தவறு. தோளைத் தூக்க வைப்பது, விரலை மடக்க வைப்பது என்று மூட்டு மூட்டாகப் பயிற்சி கொடுத்துவிட்டு சிகிச்சை முடிந்ததாக நினைப்பார்கள். இந்தத் துறையின் முதுகெலும்பு ஒரு செயலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் திறமை. பாடப்புத்தகம் முள்கரண்டியையும் சட்டைப் பட்டனையும் வைத்துச் சொல்லிக் கொடுக்கும். மேலூரிலிருந்து வரும் பெரியவர் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர், வேட்டி கட்டுகிறவர்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒருவர் சாப்பிடுவதைப் பாருங்கள். உடம்பு சாயாமல் உட்கார வேண்டும். விரல் நுனிகள் கூடிச் சோற்றைத் திரட்ட வேண்டும். கை வாயை நெருங்கும்போது முன்கை உள்ளங்கை மேல்நோக்கத் திரும்ப வேண்டும். கடைசியில் கட்டைவிரல் உள்ளே தள்ள வேண்டும். முன்கை திரும்பவில்லை என்றால் சோறு பாதி வழியில் சிந்தும். அதை விரல் பலவீனம் என்று எண்ணி நாள் கணக்காகப் பந்தைப் பிசைய வைத்தால் ஒன்றும் நடக்காது. முதலில் இட்லி, பிறகு கெட்டித் தயிர்சாதம், அதன் பிறகுதான் குழம்புச் சோறு. விளிம்பு உயர்ந்த தட்டு, அது நழுவாமல் இருக்க அடியில் ஒரு ஈரத்துணி. இதற்கெல்லாம் முன்னால் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டுவிட வேண்டும். ரசம் மாதிரி நீர்த்தது மூச்சுக் குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டு விடலாம். சட்டை போட விழுந்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். தேர்வில் இதை எழுதிவிடுவார்கள், வார்டில் மாற்றிச் செய்துவிடுவார்கள்.

ஸ்பிளின்ட், அதாவது கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் வார்ப்பு, செய்வது தனிக் கைவேலை. அதில் திரும்பத் திரும்ப வரும் பிழை, வார்த்து முடித்த பிறகு அழுத்துகிற இடத்தில் பஞ்சுத் திண்டு ஒட்டுவது. திண்டு இடத்தை அடைக்கும், அழுத்தம் கூடும். திண்டு வரப்போகும் இடத்தை வார்க்கும் முன்பே கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட் முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் போக வேண்டும். குட்டையாக வெட்டினால் விளிம்பு குத்தும். உள்ளங்கைப் பக்கம் விரல் மடியும் ரேகையைத் தாண்டினால் விரல் மடங்காது. மாட்டி அரை மணி நேரத்தில் கழற்றிப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிஷத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தியாக வேண்டும். மதுரை வெயிலுக்கு இன்னொன்றும் உண்டு: வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக்தான் அது. வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைத்தால் வளைந்துவிடும் என்று சொல்லி அனுப்பாமல் விட்டுவிட்டு, "யார் வளைச்சா?" என்று கேட்டுப் பயனில்லை.

வீட்டைப் பார்க்காமல் திட்டம் போடுவதும் அப்படித்தான். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேண்டும். வாசல் படி பதினெட்டு அங்குலம் என்றால் பதினெட்டு அடி. மாசி வீதிச் சந்துகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அங்கே மடக்குச் சாய்தளத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காமல், படியில் எப்படிப் பிடித்து இறக்குவது என்று வீட்டு ஆட்களுக்குப் பழக்குவதே உருப்படியான காரியம்.

பேச்சுத் திறமை என்றதும் இங்கிலீஷ் என்று நினைக்கிறார்கள். மகளிடம் "அம்மா தானே தலை சீவட்டும், கால் மணி நேரம் ஆனாலும் விடுங்க" என்று அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிவதுதான் கடினம். பாசத்தில் எல்லாவற்றையும் செய்து கொடுக்கும் வீட்டில் முன்னேற்றம் நின்றுபோகும்.

குறிப்பு எழுதும்போது "பேஷன்ட் இம்ப்ரூவ்டு" என்று முடித்தால் அடுத்த ஆள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "உதவியோடு சட்டை போட்டார், இரண்டு முறை வாய்வழி நினைவூட்டல் தேவைப்பட்டது" என்று எழுதுங்கள். சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது போன்றவற்றை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் அளவுகோல் 0 முதல் 100 வரை. சேர்ந்த அன்றும் அனுப்பும் அன்றும் மதிப்பெண் போட்டால் டாக்டரும் வீட்டாரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள்.

மனநலப் பிரிவைப் பலர் கடனே என்று கழிக்கிறார்கள். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போல மனநல மறுவாழ்வில் நீண்ட காலம் இயங்கும் அமைப்பு மதுரையிலேயே இருக்கிறது என்பதையாவது நினைவில் வைக்கலாம்.

வெளிநாட்டுக் கனவோடு சேருகிறவர்களுக்கு: அமெரிக்காவில் 2007 முதல் நுழைவுத் தகுதியே முதுகலை, பி.ஓ.டி. மட்டும் வைத்து, அங்கே தெரபிஸ்ட் ஆவதற்கான என்.பி.சி.ஓ.டி. தேர்வு எழுத முடியாது. பிரிட்டனில் சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் ஹெச்.சி.பி.சி. அமைப்பின் பதிவு இல்லாமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். எந்த நாடானாலும் பாடவாரியான மணிக்கணக்கும் களப் பயிற்சிப் பதிவேடும் கேட்பார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கல்லூரியில் போய்த் தேடினால் பழைய பதிவேடு கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு போஸ்டிங் முடியும்போதும் மேற்பார்வையாளரின் கையெழுத்து, முத்திரையோடு ஒரு நகல் வாங்கி ஃபைலில் போட்டு வையுங்கள்.