லினக்ஸ் கணினியும் இணைய நிறுவனத்தின் உதவி மையமும்: புதியவர்களுக்கான செய்முறை

"விண்டோஸ்தானே சார்?" இணையம் நின்றுபோய் உதவி மையத்தை அழைத்தால் முதலில் வந்து விழும் கேள்விகளில் இது ஒன்று. "இல்லை, லினக்ஸ்" என்றால், "அதற்கு எங்களிடம் சப்போர்ட் இல்லை சார்" என்று பேச்சை முடித்துவிடப் பார்ப்பார்கள். ஆசையோடு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு மாறியவர்கள் இந்த இடத்தில் மனம் தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தளர வேண்டாம். வீட்டுக்கு வரும் ஃபைபருக்கு உங்கள் கணினியில் ஓடுவது எந்த இயங்குதளம் என்பதே தெரியாது. சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டி வரை நிறுவனத்தின் பொறுப்பு. பழுது அந்தப் பெட்டியிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது என்று காட்டிவிட்டால் லினக்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

படி 1: விளக்குகளைப் பாருங்கள்

கணினியிடம் போகாமல் நேரே பெட்டியிடம் போங்கள். 'பி.ஓ.என்.' என்று எழுதிய விளக்கு சிமிட்டாமல் பச்சையாக எரிந்தால் ஒளி ஒழுங்காக வருகிறது. மறுமுனையில் உள்ள கருவியும் உங்கள் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வந்து சேரவில்லை. தெருவில் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது உங்கள் வீட்டு மேசைக்குப் பின்னாலேயே மடங்கி நசுங்கியிருக்கலாம். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, கூர்மையாக மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பை மெதுவாக நேராக்கிப் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்: அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

சிவப்பு விளக்கு என்றால் மீதிச் சோதனைகள் தேவையில்லை. "ரெட் லைட் எரிகிறது" என்று சொன்னாலே போதும்; எந்த உதவி மையத்துக்கும் புரியும் சொல் அது.

படி 2: கைபேசியைச் சாட்சியாக்குங்கள்

கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறங்கள். அங்கேயும் திறக்கவில்லையா? உங்கள் லினக்ஸ் குற்றமற்றது.

படி 3: கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால்

இப்போது நேர்மையாக நம் பக்கம் திரும்ப வேண்டும். டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஐ, பி, ஓர் இடைவெளி, ஆர் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். 'டீஃபால்ட் வயா' என்று தொடங்கும் வரியில் 192.168.1.1 போன்ற ஓர் எண் இருக்கும். அது பெட்டியின் முகவரி. அந்த வரியே இல்லையென்றால் பெட்டியிடமிருந்து உங்கள் கணினிக்கு முகவரி கிடைக்கவில்லை. வைஃபையை நிறுத்திவிட்டுக் கேபிள் போட்டுப் பாருங்கள். கேபிளில் வேலை செய்தால் வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளைத்தான் கவனிக்க வேண்டும்.

எண் இருந்தால், மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளையை மூன்று முறை கொடுங்கள். முதலில் அந்தப் பெட்டியின் எண்ணுக்கு, அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு (இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர்), கடைசியாக உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. விண்டோஸில் நான்கு முறை அனுப்பிவிட்டுத் தானே நிற்கும். லினக்ஸில் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். எண்களுக்கு மறுமொழி வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் கோளாறு. நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 1.1.1.1 என்று போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். யாரையும் அழைக்க வேண்டியதில்லை.

படி 4: வேகம் குறைவு என்ற புகார்

இதில் நானே பாடம் கற்றேன். 200 எம்பி வேகத் திட்டத்தில் இருந்தபோது எப்போது சோதித்தாலும் 94ஐத் தாண்டவில்லை. உதவி மையத்தில் லினக்ஸைக் காரணம் சொன்னார்கள். எனக்குக் கோபம். ஆனால் அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, கேபிள் இணைப்பின் அருகே உள்ள பல்சக்கரச் சின்னத்தை அழுத்தியபோது, 1000 என்று இருக்க வேண்டிய இணைப்பு வேகம் 100 என்று இருந்தது. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. நான்கும் முழுதாக இருந்தால்தான் 1000 கிடைக்கும். என் கேபிளின் ஒரு முனையில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. புதிய கேபிள் போட்ட அன்றே முழு வேகம் வந்தது. தவறு லினக்ஸிலும் இல்லை, நிறுவனத்திலும் இல்லை. அன்றிலிருந்து அந்த எண்ணைப் பார்க்காமல் நான் வேகப் புகார் கொடுப்பதில்லை.

படி 5: அழைக்கும்போது

விண்டோஸ் என்று பொய் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் திரையில் இல்லாத கன்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொல்வார்கள். அரை மணி நேரம் வீணாகும். இயங்குதளத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்கவும் வேண்டாம். இப்படித் தொடங்குங்கள்:

"வணக்கம் சார். மாலை 6 மணியிலிருந்து இணையம் இல்லை. பி.ஓ.என். பச்சையாக இருக்கிறது. பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டேன். இரண்டு கைபேசிகளிலும் வரவில்லை."

"கம்ப்யூட்டரில் விண்டோஸ்தானே சார்?"

"லினக்ஸ். ஆனால் கைபேசிகளிலும் இதே நிலைதான் சார். உங்கள் பக்கம் என் பெட்டி ஆன்லைனில் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பார்வை உங்கள் கணினியிலிருந்து விலகி அவருடைய திரைக்குப் போய்விடும். எதிரில் இருப்பவர் கையில் உள்ள கேள்வித்தாளை வரிசையாகக் கேட்கும் ஓர் ஊழியர். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. குரலில் மரியாதை இருக்கட்டும்.

படி 6: புகார் எண்

எண் வாங்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் எனப்படும் புகார் எண் தர வேண்டும். தீர்வு திருப்தியாக இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போகலாம். கட்டணம் கிடையாது; 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். "லினக்ஸுக்கு சப்போர்ட் இல்லை" என்று சொல்லிப் புகாரையே பதிய மறுத்தால், சொன்ன நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து மின்னஞ்சலில் அதே புகாரை அனுப்புங்கள்.

படி 7: டெக்னீஷியன் வரும்போது

சோதனையை அவருடைய கைபேசியிலோ மடிக்கணினியிலோ செய்யச் சொல்லுங்கள். உங்கள் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அவர் கிளம்பும் முன் பெட்டியின் நிலைப் பக்கத்தில் 'ஆர்.எக்ஸ். பவர்' என்ற அளவை, அதாவது பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். -20ஐ ஒட்டி இருந்தால் நல்லது. -27ஐத் தாண்டி -28, -29 என்று போனால் ஒளி மங்கிவிட்டது. இணைப்பு அடிக்கடி அறும். அப்படி இருந்தால் இணைப்பு முனைகளைத் துடைத்தோ இழையை ஒட்டிய இடத்தை மீண்டும் ஒட்டியோ சரிசெய்யும் வரை புகாரை மூடச் சம்மதிக்காதீர்கள்.